மணலில் இழுத்த படகு

ஆவடியில் கரண்ட் ஒருநாளும் ஒரே அளவில் நிற்பதில்லை. சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கைப் போட்டதும் ஃபேன் சோர்ந்துபோய்ச் சுற்றும். தொழிற்சாலையில் பெரிய மெஷின்களை நிறுத்தியதும் பல்பு பளிச்சென்று எரியும். மற்றவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். டேப்பில் பாட்டுப் பதிகிறவனுக்கு அப்படி இல்லை. கரண்ட் தளர்ந்தால் டேப்பின் வேகம் தளரும். வேகம் தளர்ந்தால் சுருதி இறங்கிவிடும். இந்த இடத்தில் எப்படி அவ்வளவு சுத்தமாகப் பதிந்தீர்கள் என்று நேற்று வந்ததும் கேட்டீர்கள். அந்த மூலையில் இருக்கிற இரும்புப் பெட்டிதான் பதில். நானே சுற்றிய ஸ்டெபிலைசர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில் காயில் சுற்றுவதுதான் அப்போதும் இப்போதும் என் வேலை.

ஆனால் மெல்பர்னிலிருந்து இவ்வளவு தூரம் நீங்கள் வந்தது ஸ்டெபிலைசரைப் பார்க்க இல்லை. அது எனக்குத் தெரியும். நிமலன் உங்களை ரகு அண்ணா என்பான். அவனுடைய பெரியம்மா மகன் நீங்கள். எனக்கு அந்த உரிமை கிடையாது, சார் என்றே சொல்கிறேன். உட்காருங்கள் சார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பகலில் இப்படித்தான் கொதிக்கும். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்கள் எழுந்து போனாலும் தப்பாக நினைக்க மாட்டேன்.

என் அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே குவார்ட்டர்ஸில். பள்ளிக்கூடம் முடித்ததும் கிடார் கற்றுக்கொண்டேன். கல்யாணங்களிலும் ஆடி மாதக் கோயில் விழாக்களிலும் வாசிக்கிற ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லி வரை கிடார் என்றால் பாஸ்கரனைக் கூப்பிடு என்பார்கள். அந்த வருமானத்தில்தான் சேக்காட்டில் இந்த அறையைச் சாமுண்டீஸ்வரி அம்மாளிடம் வாடகைக்கு எடுத்தேன். எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினேன். நான் ஒரு பெரிய கிடார்காரன் என்று அப்போது உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

எண்பத்தொன்பது கடைசியில் நிமலன் இந்த வாசலில் வந்து நின்றான். படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் இருந்து, அங்கிருந்து யாரிடமும் சொல்லாமல் மெட்ராஸுக்குக் கிளம்பி வந்தவன். கையில் ஒரு கிடார். உள்ளே வயர் விட்டுப்போயிருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க அவன் கொஞ்சம் வாசித்தான். அவன் வாசித்து முடிப்பதற்குள் என் கிடாரை உறைக்குள் போட்டு மூடிவிட்டேன். ஏன் மூடினேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

தங்க இடமில்லை என்றான். இங்கேயே இரு என்றேன். சாமுண்டீஸ்வரி அம்மாளிடம் என் சித்தப்பா பையன் என்று சொல்லிவைத்தேன். அவன் வாயைத் திறந்து தண்ணீர் கேட்டதுமே அந்தம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் வாடகையை ஏற்றவில்லை, துருவிக் கேட்கவும் இல்லை. மத்தியானம் குழம்பு மிஞ்சினால் அவனுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தால்தான் அப்பா சாப்பிட உட்காருவார்.

உங்கள் குழுவைப் பற்றி முதலில் சொன்னவன் அவன்தான். காப்பர் வெதர் என்ற பெயரை அவன் சொல்லும்போது ஏதோ சொந்த ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல இருக்கும். நீங்கள் அனுப்பிய முதல் ஆல்பத்தை இந்த அறையில் வைத்துத் தேயத் தேயக் கேட்டோம். எல்லாம் நாலு நிமிஷப் பாட்டு. நேராக வந்து நெஞ்சில் மோதுகிற பாட்டுகள். எனக்கு அவை மிகவும் பிடித்தன. நிமலன்தான் சொன்னான், இவர்கள் இதோடு நிற்க மாட்டார்கள், அடுத்தது வேறு மாதிரி இருக்கும் என்று.

அவன் சொன்னபடியே ஆயிற்று. தொண்ணூறில் யாரோ ஊருக்கு வந்தவர் கையில் நீங்கள் நான்கு தடம் பதிகிற அந்தக் கேசட் மெஷினைக் கொடுத்தனுப்பினீர்கள். கூடவே ஒரு கேசட். அதில் நீங்கள் பேசியிருந்தீர்கள். இரண்டாவது ஆல்பம் முழுக்க ஒரே கதை என்றீர்கள். பாலைவனத்தின் நடுவில் ஒரு கடல் இருக்கிறது என்று நம்பி, ஒரு படகை மாடுகள் பூட்டி மணலில் இழுத்துக்கொண்டு போன வெள்ளைக்காரர்களின் கதை. அவர்கள் கடலைக் காணவே இல்லை. ஆல்பத்தின் பெயர் ட்ரை போட். இரண்டு பக்கமும் இடைவெளியில்லாமல் ஓடும். தாளம் ஏழிலும் பதினொன்றிலும் மாறி மாறி வரும். கம்பெனிக்காரர்கள் இதற்கெல்லாம் ஒப்புக்கொள்ளவில்லை, எங்கள் சொந்தக் காசில் செய்கிறோம் என்றீர்கள். டிரம்ஸும் கீபோர்டும் இரண்டு தடத்தில் வரும், மீதி இரண்டில் நிமலன் வாசித்து அனுப்ப வேண்டும்.

அந்தக் கேசட்டை அவன் இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டான். பிறகு, "படகு எண்டா எனக்குத் தெரியும்" என்றான்.

அதற்கப்புறம் வந்த ஏழெட்டு மாதங்கள்தான் என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். நான் கம்பெனியிலிருந்து வந்ததும் மெஷினைப் போடுவேன். அவன் வாசிப்பான். நான் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது பாட்டின் அடியில் ஒரு உறுமல் வருகிறதே, அதை உங்கள் ஊர்ப் பத்திரிகையில் சின்தசைசர் என்று எழுதியிருந்தார்கள். அது அப்பாவின் தொழிற்சாலையில் செய்கிற டாங்கி. சோதனை ஓட்டம் விடும்போது குவார்ட்டர்ஸ் பின்சுவர் அதிரும். அந்தச் சுவரோரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அந்த யோசனையும் என்னுடையது.

இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் இசையெல்லாம் அடங்கி, படகுக்காரன் கிசுகிசுப்பாகப் பேச வேண்டும் என்று நிமலன் நினைத்தான். அவன் பாக் ஜலசந்தியைக் கடந்த இரவில் உண்மையாகவே கேட்ட வார்த்தைகள். எஞ்சினை நிப்பாட்டு. லைட் வருகுது. ஒருத்தரும் மூச்சு விடாதேங்கோ. பிள்ளையின்ர வாயைப் பொத்து. அந்தப் படகில் ஒரு குழந்தை மூச்சுத் திணறி இறந்துபோனதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னான். பல நாள் முயன்ற பிறகு அந்த இடம் நன்றாகப் பதிவாயிற்று. கேட்டுவிட்டு நீங்களே சிலிர்த்துப்போனதாகச் சொன்னீர்கள்.

இதற்கப்புறம் ஒரு கேசட் வந்தது. அவனுக்கு முகவரி கிடையாதே, எல்லாம் என் பெயருக்குத்தான் வரும். வழியில் டேப் சிக்கியிருக்கிறதா என்று நான் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவனிடம் கொடுப்பேன். அப்படித்தான் அன்றைக்கும் கேட்டேன். இனி டேப் அனுப்பி வாசித்தது போதும், நீ இங்கேயே வந்துவிடு என்றீர்கள். விசாவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, இன்னும் சில மாதத்தில் வந்துவிடும், கடைசிப் பாட்டை நாம் ஒன்றாக ஸ்டூடியோவில் வாசிப்போம் என்றீர்கள். முடிவில், அந்த மெஷின் பாக்கிற பொடியனுக்கும் என்ர நன்றியைச் சொல்லு என்றீர்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை சார். நான் மெஷின் பார்த்தேன், உண்மைதான். உறையின்மேல் எழுதுகிற என் பெயர், பேசும்போது உங்களுக்கு மறந்திருக்கலாம்.

கேசட்டை மறைக்கவில்லை. அன்றைக்கே நிமலனிடம் கொடுத்தேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஆவடி மார்க்கெட் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். நான் அங்க போனவுடனே உன்னையும் கூப்பிட்டுவிடுவேன், நீ இல்லாமல் இது நடந்திருக்காது என்று ஓயாமல் சொன்னான். அவன் அதை மனதாரத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் என்னைக் கூட்டிப்போகப் போகிறான், எதற்கு? அங்கேயும் மெஷின் பார்க்க.

தொண்ணூற்றொன்று மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பூந்தமல்லி ரோட்டில் போனால் எங்களுக்கு அது பக்கத்து ஊர். மறுநாள் கடைகள் மூடிக் கிடந்தன. அதற்கடுத்த வாரங்களில் போலீஸ் வீடு வீடாக வந்தது. இலங்கைத் தமிழர் யார் இருந்தாலும் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். காட்டுப்பாக்கத்தில் ஒரு குடும்பத்தைப் பெட்டி படுக்கையோடு வீட்டுக்காரர் தெருவில் இறக்கிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

சாமுண்டீஸ்வரி அம்மாளிடமும் அக்கம்பக்கத்தில் அவனைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "நீ இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற? எவனாச்சும் கேட்டா எங்க அக்கா புள்ள, ஊமைன்னு சொல்லிக்கினு போறேன். அந்தப் புள்ளய கொஞ்ச நாளு வாயத் தொறக்காம இருக்கச் சொல்லு, அது போதும்."

நான் போலீஸுக்குப் போனதற்குக் காரணம் கேட்டால், அப்பாவின் வேலை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். அவர் மகன் பதிவு செய்யாத ஒரு இலங்கைப் பையனை வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், தங்கை பார்வதத்தின் கல்யாணம் நின்றுபோகும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது அல்லவா. ஆனால் அப்பா அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு. "ஒட்டன்சத்திரத்துல உங்க அத்தை வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வாடா. தோட்டத்துல இருக்கட்டும். அங்க யாரு வந்து கேக்கப் போறா?" பஸ்ஸுக்குப் பணமும் கொடுத்தார். அந்தப் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நான் காவல் நிலையத்துக்குப் போனேன்.

எந்தக் காவல் நிலையம், யார் அதிகாரி என்பதெல்லாம் வேண்டாம். அவர் ஒரு சாதாரண மனிதர். பல நாள் தூங்காத கண். என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். ஒருவனைப் பதிவு செய்ய வந்திருக்கிறேன் என்றேன். அவனைக் கூட்டிக்கொண்டு வரவில்லையா என்றார். இல்லை சார், அவனைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும் என்றேன்.

நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். முகாமிலிருந்து சொல்லாமல் வந்தவன் என்றேன். வயர் பற்றவைக்கத் தெரிந்தவன் என்றேன். அவனுக்கு அடிக்கடி வெளிநாட்டிலிருந்து கேசட் வருகிறது, அவனும் அனுப்புகிறான், ஆனால் எதுவும் அவன் பெயரில் போவதில்லை என்றேன். சீக்கிரம் நாட்டைவிட்டுப் போவதற்கு ஏற்பாடு நடக்கிறது என்றேன். அவன் அனுப்பிய ஒரு டேப்பில் நம் டாங்கிச் சத்தம் இருக்கிறது என்றேன். அவனுடைய அண்ணன் ஒருவன் இயக்கத்தில் இருந்து செத்துப்போனவன் என்றும் சொன்னேன். அண்ணனின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க விடவில்லை என்று அவன் அழுதுகொண்டே என்னிடம் சொன்னது அது. ஒவ்வொன்றும் உண்மை. எதன் பக்கத்தில் எதை வைத்தேன் என்பதுதான் என் வேலை.

கடைசியில் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் பக்கம். அவர்கள் தேடிக் கஷ்டப்படக் கூடாதென்று, கிசுகிசுப்பு தொடங்கும் இடத்தில் சரியாக நிறுத்தி வைத்திருந்தேன். இசை இல்லாமல் அந்தத் தடத்தை மட்டும் தனியாகப் பிரதி எடுத்திருந்தேன். எஞ்சினை நிப்பாட்டு. லைட் வருகுது. அந்த அதிகாரி இரண்டு முறை போட்டுக் கேட்டார். இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியாது சார் என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய் அதுதான். இப்போதுதான் ஒரு பொய்கூட இல்லை என்றேன், மன்னிக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் ஜீப்பில் வந்தார்கள். நிமலன் அப்போதுதான் கம்பி மாற்றிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். சாமுண்டீஸ்வரி அம்மாள் குறுக்கே வந்து நின்று, அக்கா பிள்ளை, ஊமை என்று சொல்லத் தொடங்கினார். அவரைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார்கள். நிமலன் சத்தம் போடவில்லை. கிடாரைச் சுவரில் சாத்தி வைத்தான். வெளியே போகும்போது என்னைப் பார்த்து, "பாஸ்கர், மெஷினை மூடி வை, தூசி விழும்" என்றான்.

மெஷின் யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது என்றேன். கிடார்? அதுவும் என்னுடையது என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இனி சொல்லப்போவது உங்களுக்கு நேராகச் செய்தது. அவனைக் கொண்டுபோன பிறகு உங்களிடமிருந்து இரண்டு கேசட் வந்தது. ஏன் பதில் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். காய்ச்சலாகப் படுத்திருக்கிறான், குணமானதும் கடைசிப் பாட்டை அனுப்புவான் என்று எழுதினேன். விசா வந்துவிட்டது, பாஸ்போர்ட்டுக்கு என்ன செய்தான் என்று கேட்டீர்கள். ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறான் என்று எழுதினேன். நீங்கள் அப்போதே அறிந்திருந்தால் அங்கே ஒரு வக்கீலைப் பிடித்திருப்பீர்கள், உங்கள் அரசாங்கத்திடம் பேசியிருப்பீர்கள். இப்படி ஒருவர் வெளிநாட்டிலிருந்து கேள்வி கேட்டதால் முத்தாபுதுப்பேட்டையில் பிடிபட்ட ஒரு பையனை விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட பிறகும் காய்ச்சல் என்றுதான் எழுதினேன். ஆல்பம் அச்சுக்குப் போய்விட்டது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அவன் கைதான விஷயத்தை எழுதினேன். அதற்குள் விசாவுக்கு நாள் கடந்துவிட்டது.

நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. அவன் உள்ளே இருந்தான் என்றால், கடைசிப் பாட்டில் வாசித்தது யார்? நான்தான் சார்.

உங்கள் டிரம்ஸும் கீபோர்டும் கேசட்டில் இருந்தன. நிமலனின் கிடார் என்னிடம் இருந்தது. அவன் கை எப்படிப் போகும் என்று ஒன்றரை வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தவன் நான். முக்கால்வாசி எனக்கு வந்துவிட்டது. முடிவு மட்டும் தெரியவில்லை. அதை அவன் மனதுக்குள்ளேயே வைத்திருந்தான், ஒருநாளும் வாசித்துக் காட்டவில்லை. அதனால் அவனைப் பார்க்கப் போனேன். நலம் விசாரிக்கப் போனேன் என்று வீட்டில் சொன்னேன். சாமுண்டீஸ்வரி அம்மாள் அவனுக்குக் கொடுக்கச் சொல்லி மீன் வறுத்துக் கொடுத்தார்.

அவனைச் சிறப்பு முகாம் என்ற பெயரில் அடைத்து வைத்திருந்தார்கள், அங்கே சாதாரணமாக யாரையும் பார்க்க விட மாட்டார்கள். எனக்கு அனுமதி கிடைத்தது. அதே அதிகாரிதான் ஏற்பாடு செய்தார், தானும் கூட வந்து கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நிமலன் பாதியாகியிருந்தான். மீனை வலது கையால் வாங்கினான். இடது கையை மடியில் வைத்திருந்தான். அதில் மூன்று விரல் மடங்கவில்லை. நான் அதைப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, அது சரியாகிவிடும் என்றான். என் அம்மாவுக்குச் சொல்லாதே என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"ஆரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கினம். ஆர் எண்டு தெரியேல்லை. அந்தப் படகுக் கதையைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கிறாங்கள். ஆற்ற குரல் எண்டு கேட்டு அடிச்சவங்கள். நான் உன்ர பேரைச் சொல்லேல்லை, பாஸ்கர். நீ பயப்பிடாத. என்ர குரல் எண்டு சொல்லிப்போட்டன்."

அந்தக் குரல் என்னுடையது சார். பல நாள் முயன்றோம் என்றேனே, அவனால் முடியவில்லை. பிள்ளையின் வாயைப் பொத்து என்ற இடம் வந்ததும் ஒவ்வொரு தடவையும் உடைந்துபோனான். கடைசியில் அவன் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக் கொடுக்க, அவன் பேச்சிலேயே நான் பேசினேன். கிசுகிசுப்பில் எல்லார் குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். போலீஸுக்கும் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. தொண்ணூற்றிரண்டு மழைக்காலத்தில் அவன் அந்தச் சிறப்பு முகாமில் செத்துப்போன பிறகு, உங்கள் சின்னம்மா, அவனைப் பெற்றவர், அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார், பிள்ளையின் குரல் என்று அவரிடம் இருப்பது அது ஒன்றுதான் என்று நேற்றுச் சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இல்லாவிட்டால் இவ்வளவையும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதையும் உங்கள் தலையில் கட்டுகிறேன் என்று தெரிகிறது.

அன்றைக்கு அவன் அப்படிச் சொன்னதும், கடைசிப் பாட்டின் முடிவு என்ன என்று கேட்டேன். ரகு அண்ணன் கேட்கிறார், நான் எப்படியாவது முடித்து அனுப்பிவிடுகிறேன் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. இதைக் கேட்கத்தான் வந்தாயா என்று சிரித்தான். கோபமாக இல்லை, சந்தோஷமாக. கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில் முனகிக் காட்டினான். நான் திருப்பி முனகினேன். ஓரிடத்தில் திருத்தினான். "கடைசிச் சுரத்துக்குப் போகாத. அதுக்கு முதலே விட்டிடு. அவையள் கடலைக் காணேல்லைத்தானே."

நேரம் முடிந்தது. வெளியே வந்தபோது அந்த அதிகாரியும் கூட நடந்து வந்தார். அவருக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அந்தப் பையன் எல்லாம் பாட்டுக்காகப் பேசினது என்றே சாதிக்கிறான் என்றார். பிறகு நின்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "நீ கூடவே இருந்தவன். உண்மையிலயே அது பாட்டுதானாப்பா? சொல்லு, நான் மேல எழுதுறேன்."

நான் வாயைத் திறந்து எஞ்சினை நிப்பாட்டு என்று கிசுகிசுத்துக் காட்டியிருந்தால் போதும். அவர் நல்ல மனிதர். அன்று இல்லாவிட்டாலும் அந்த வாரத்துக்குள் விட்டிருப்பார்கள். கை போயிருக்கும், உயிர் இருந்திருக்கும். பயந்தேன் என்று சொல்லலாம். ஆனால் பயம் இல்லை சார், யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்தக் கணத்தில் என் மனதில் இருந்தது அந்த முடிவு மட்டும்தான். யாரிடமாவது நின்று பேசினால் மறந்துவிடும் என்று உள்ளுக்குள் முனகிக்கொண்டே இருந்தேன். தெரியாது சார் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நேராக இங்கே வந்தேன். ஸ்டெபிலைசரைப் போட்டேன். அவன் கிடாரை எடுத்து வாசித்தேன். ஒரே தடவையில் வந்துவிட்டது. அவன் போகாதே என்ற கடைசிச் சுரத்துக்கு நான் போனேன், அங்கே நின்று அது தேய்ந்து அடங்கும் வரை விரலை எடுக்கவில்லை. அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படி வாசித்ததில்லை. முழு ஆல்பத்திலும் நிமலனின் உயிர் இருப்பது அந்தக் கடைசிச் சுரத்தில்தான் என்று நேற்று நீங்கள் கண் கலங்கச் சொன்னபோது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது சார்.